கண்ணை மூடிக்கொண்ட சாட்சிகள்

என் தங்கை திரைச்சீலை தைக்கிறவள். வீட்டு ஜன்னலோ, ஆஸ்பத்திரி வார்டோ, பள்ளிக்கூட மேடையோ, திரை தொங்க வேண்டிய இடத்துக்கு அவளே நேரில் போய் அளவெடுப்பாள். வீட்டுக்காரர் சொல்லும் அளவை நம்ப மாட்டாள். ஜன்னலின் மேல் பக்கம் ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு, கீழே ஓர் அளவு எடுப்பாள். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அவளுக்கு ஆச்சரியம். "கொத்தனார் கையில ரசமட்டம் இருந்துச்சு, மனசு வேற எங்கயோ இருந்துச்சு" என்பாள். நான் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அளவு பிசகினால் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தில் அவள் எனக்கும் ஒரு படி மேல் என்பதைப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பெரிய திரையை ஒரே ஆளால் மடிக்க முடியாது. தரையில் பட்டால் அழுக்காகும், இஸ்திரி மடிப்பும் கலைந்துவிடும். அதனால் இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்பார்கள். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். ஒருவர் கையில் முனைகளை விட்டுவிட்டு, மற்றவர் குனிந்து கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். திரை பாதியாகிவிடும். மறுபடியும் கிட்டே வருவார்கள், மறுபடியும் விலகுவார்கள், மீதி பாதியும் பாதியாகும். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலையைச் செய்ததற்காகத்தான் அவளையும் அவளோடு வாழ்கிறவரையும் ஆறு மாதம் சிறையில் போடப் பார்த்தார்கள்.

அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது எங்கள் மதத்தின் சபைதான். மாப்பிள்ளை கப்பலில் எண்ணெய் போடுகிற வேலை பார்த்தவன். ஒரு பயணம் போனவன் திரும்பவில்லை. கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவனோடு வேலை பார்த்தவர்களே வந்து சொன்னார்கள். பதினோரு வருஷம் ஆகிறது. என் தங்கை அழுது தீர்த்தாள், பிறகு மெஷினில் உட்கார்ந்தாள்.

எங்கள் நாட்டில் பிறந்தால் பதிவு செய்வது அரசாங்கம், செத்தால் சான்றிதழ் கொடுப்பது அரசாங்கம். இடையில் கட்டில் சம்பந்தப்பட்ட விவகாரம் மட்டும் சபையின் கையில். யார் யாரோடு சேரலாம், யார் யாரை விட்டுப் போகலாம் என்று சபை சொல்லும். மீறினால் பிடித்துப்போடப் போலீசையும் சிறையையும் அரசாங்கம் கொடுக்கும். சாவி ஒருவரிடம், தடி இன்னொருவரிடம். விவாகரத்துக்குச் சபையில் ஒரே ஒரு நிபந்தனை: புருஷன் நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். ஓடிப்போனவன் நேரில் வந்து, 'நான் ஓடிப்போய்விட்டேன்' என்று சொன்னால்தான் அவன் ஓடிப்போனது செல்லும்.

வருஷா வருஷம் சபைச் செயலாளரைப் பார்க்கப் போவாள். நானும் துணைக்குப் போவேன்.

"பொறுமையா இருங்கம்மா. பொறுமையும் ஒரு வழிபாடுதான்" என்பார் செயலாளர்.

"அவருக்கு மட்டும் அந்த வழிபாடு கிடையாதா சார்?"

"அவர் ஆம்பளை. அவர் கணக்கை மேல பார்த்துப்பாங்க."

மேலே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆண்பிள்ளையை விட்டுவிடுவார்கள். பெண்ணைப் பார்க்க மட்டும் கீழேயே ஆள் போடுவார்கள்.

அவள் வாழ்க்கைக்குள் வந்தவர் லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறவர். மனைவியை இழந்தவர். எடைமேடைக் கூண்டுக்கு நாலு பக்கமும் கண்ணாடி. சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது என்று திரை தைக்கக் கொடுக்க வந்தார். திரை தயாரானபோது கடையில் வேறு ஆள் இல்லை. "ஒரு கை பிடிங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் பிடித்த பிடியில் முனையும் முனையும் இம்மி பிசகாமல் சேர்ந்ததாம். பாரத்தை நிறுக்கிறவர் அல்லவா. "அண்ணா, இந்தாளுக்குக் கை நேரா இருக்கு" என்றுதான் முதலில் அவரைப் பற்றி என்னிடம் சொன்னாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கடைக்கு மேலே அவள் இருந்த இரண்டு அறை வீட்டுக்கே அவர் குடிவந்தார். நானும் என் மனைவியும் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவர்கள் புருஷன் பெண்டாட்டியாகத்தான் வாழ்ந்தார்கள், இன்றும் அப்படித்தான். இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. மறைக்கிற அளவுக்கு அதில் அசிங்கம் எதுவும் இல்லை.

அசிங்கம் பிறகு வந்தது, சட்டத்தின் பெயரில்.

சபையின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். பெரியவர் சட்டசபைக்குப் போய்க் குடும்பத் தூய்மையைப் பற்றி உரையாற்றினார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். இரண்டு குடும்பம் வைத்திருந்தவர்கள் முன்வரிசையில் நின்று பலமாகக் கை தட்டினார்கள். சட்டம் வந்தது. சபை சேர்த்து வைக்காத ஆணும் பெண்ணும் தம்பதியாக வாழ்ந்தால் இருவருக்கும் ஆறு மாதம். அதற்கு, கண்ணால் கண்ட சாட்சிகள் மூன்று பேர் வேண்டும். அந்த மூன்று பேரும் நன்னடத்தை உள்ளவர்கள் என்று சபை சொல்ல வேண்டும். அதாவது குற்றம் எது என்று சொல்வதும் சபை, அதைப் பார்க்க ஆள் அனுப்புவதும் சபை. நீதிபதிக்கு மிச்சம் இருந்தது கையெழுத்து மட்டும்.

சட்டம் வந்த சூட்டோடு எங்கள் தெருவின் நல்லவர்கள் பட்டறைக்கு என்னைத் தேடி வந்தார்கள். மருந்துக்கடைக்காரர், ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா, இன்சூரன்ஸ் ஏஜென்ட். மருந்துக்கடை மாடி என் தங்கை வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது.

"அண்ணன்னு நீங்க ஒருத்தர் இருக்கீங்க. கேட்க வேண்டாமா?" என்றார் குமாஸ்தா.

"கேட்டேனே. காலையில போன் பண்ணி, சாப்பிட்டியான்னு கேட்டேன். சாப்பிட்டேன்னா."

"சிரிக்கிற விஷயமா சார் இது? தெருவுல வயசுப் பொண்ணுங்க இருக்காங்க."

"அவங்க படிக்கப் போறாங்க, வேலைக்குப் போறாங்க. நீங்கதான் சார் ஜன்னல்லயே நிக்கிறீங்க."

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொஞ்சம் இளையவர். அவர் குரலைத் தாழ்த்தி, "மானம்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணாச்சி?" என்றார்.

"இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. உங்களோடதை நீங்க பார்த்துக்கோங்க, எங்களோடதை நாங்க பார்த்துக்கறோம்."

லேத்தை ஓட விட்டேன். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. போய்விட்டார்கள்.

போனவர்கள் நேராகச் சபைக்குப் போனார்கள். சாட்சி சொல்ல வேண்டுமானால் பார்க்க வேண்டும். அடுத்தவன் வீட்டு அறைக்குள் ஒரு பெண்ணைப் பார்ப்பது பாவம் என்று பெரியவரே வாராவாரம் சொல்கிறார். பார்க்காவிட்டால் வழக்கு நிற்காது, பார்த்தால் புண்ணியம் நிற்காது. மூன்று பேருக்கும் சிறையை விட நரகத்தின் மேல் பயம் அதிகம். அதனால் முன்கூட்டியே அனுமதி கேட்டார்கள். பெரியவர் கண்ணை மூடி யோசித்து ஒரு வழி சொன்னாராம்: பார்க்கலாம், ஆனால் தகாதது எதுவும் கண்ணில் பட்ட அந்த நொடியே கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொண்டால் பாவம் ஒட்டாது. மூன்று பேரும் அப்படியே செய்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இந்தப் பேரம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் மூன்று பேரும் மருந்துக்கடை மாடியில் ஏறி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊருக்கெல்லாம் திரை தைக்கிறவள் தன் ஜன்னலுக்குத் திரை போடவில்லை. "எனக்கு வெளிச்சம் வேணும். பார்க்கிறவன் பார்த்துட்டுப் போறான்" என்பது அவள் பேச்சு. மறுநாள் போலீஸ் வந்தது.

ஜாமீன் கிடைத்தது. கூடவே அரசாங்க வக்கீல் மூலம் ஒரு சலுகையும் வந்தது. எடைமேடைக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும், என் தங்கை சபை மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் தவறு செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வழக்கு வாபஸ்.

எடைமேடைக்காரர் பயந்துபோனார். தனக்காக அல்ல, அவளுக்காக. "நான் கொஞ்ச நாள் எடைமேடையிலயே படுத்துக்கறேன். நீ உள்ள போகக் கூடாது" என்றார்.

"எதுக்கு? நீங்க போனா நான் தப்புப் பண்ணேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? ஜெயில்லயும் ஜன்னல் இருக்கும், நான் போய்த் திரை தைச்சுட்டு வரேன். நீங்க இங்கேயே இருங்க." பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, நீ என்ன சொல்ற?" என்றாள்.

"வக்கீல் பார்க்கலாம்" என்றேன். வேறு என்ன சொல்ல இருக்கிறது?

எங்களுக்கு வாய்த்த வக்கீலம்மா குள்ளமான, சளி பிடித்த குரல் உள்ள பெண். என் தங்கையிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "நீங்க வாயைத் திறக்கக் கூடாது. நீங்க உண்மை பேசினா உள்ள போயிடுவீங்க. அவங்களைப் பேச விடுங்க." நீதிமன்றத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் என் தங்கை தன் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன்.

நீதிபதி பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர். முன் நாற்காலியில் சபைச் செயலாளர் உட்கார்ந்திருந்ததால் அவரைப் பார்த்துப் பார்த்தே பேசினார். முதல் சாட்சி தலைமைக் குமாஸ்தா. கூண்டில் ஏறியதும் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு, "என் கண்ணால கண்டேன்" என்றார்.

வக்கீலம்மா எழுந்தார். "ஐயா, நீங்க பக்தியான மனுஷர்னு கேள்விப்பட்டேன். அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கறது உங்க மதத்துல பாவம் இல்லையா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. நன்னடத்தை அல்லவா போகப் பார்க்கிறது! "நாங்க ஒண்ணும் திருட்டுத்தனமாப் பார்க்கலை. பெரியவர்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் பார்த்தோம்" என்றார் பெருமையாக.

செயலாளர் நாற்காலியில் நெளிந்தார். அரசாங்க வக்கீல் ஆட்சேபம் என்றார். எதற்கு ஆட்சேபம் என்று நீதிபதி கேட்டபோது அவருக்கே தெரியவில்லை.

"என்ன அனுமதி? எதை வேணும்னாலும் பார்க்கலாம்னா?"

"சேச்சே. தகாதது ஏதாவது தெரிஞ்சா உடனே கண்ணை மூடிக்கணும்னு நிபந்தனை."

"மூடினீங்களா?"

"மூடாம? வாக்குக் கொடுத்திருக்கோமே."

"ரொம்ப நல்லது. இப்ப சொல்லுங்க, கண்ணைத் திறந்துகிட்டிருந்தப்போ என்ன பார்த்தீங்க?"

"ரெண்டு பேரும் ஒரு பெரிய துணியைப் பிடிச்சுகிட்டு எதிரெதிரா நின்னாங்க. அப்புறம் கிட்ட வந்தாங்க."

"வந்து?"

"கண்ணை மூடிட்டேன்."

"எப்போ திறந்தீங்க?"

"கொஞ்சம் பொறுத்து. அப்போ தள்ளி நின்னாங்க."

"அப்புறம்?"

"மறுபடி கிட்ட வந்தாங்க."

"நீங்க?"

"மறுபடி மூடிட்டேன்."

பின்வரிசையில் யாரோ, "பாவம், மனுஷனுக்குக் கண் வலியே வந்திருக்கும்" என்றார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார்.

இரண்டாவது சாட்சி இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேசிப் பேசியே பிழைக்கிறவர், குமாஸ்தா சொதப்பியதைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, தான் சரிசெய்துவிடலாம் என்று வந்தார். "சார் ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டார். ஒவ்வொரு தடவை நான் கண்ணைத் திறக்கும்போதும் அந்தத் துணி முன்ன இருந்ததுல பாதியா இருந்துச்சு. அதுலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு" என்றார்.

"கடைசியில என்ன ஆச்சு?"

"கடைசியில துணி சின்னச் சதுரமா ஆகி அந்தம்மா இடுப்புல இருந்துச்சு. அலமாரியில கொண்டுபோய் வெச்சாங்க."

"அதுக்கும் கண்ணை மூடினீங்களா?"

"இல்லைங்க. அலமாரிக்கு எதுக்கு?"

வக்கீலம்மா நீதிபதியின் அனுமதியோடு, மன்றத்தின் மூலையில் கிடந்த பழைய ஜன்னல் திரையை எடுக்கச் சொன்னார். வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களைக் கூப்பிட்டு மடிக்கச் சொன்னார். மீசை வைத்த இரண்டு ஆண்கள் தூசி பறக்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள், விலகினார்கள், மறுபடியும் வந்தார்கள். ஒருவர் தும்மினார். "சாட்சி கண்ணை மூடலையே?" என்று கேட்டார் வக்கீலம்மா. மன்றமே சிரித்தது. நீதிபதி ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். இருந்த எல்லோரிலும் சிரிக்காதவள் என் தங்கை ஒருத்திதான். போலீஸ்காரர்கள் முனையைக் கோணலாகச் சேர்த்ததை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறார். உள்ளே வந்ததும், "நான் மாடிக்குப் போனேன், ஆனா பார்க்கலை சார். கீழே கடையில கூட்டம்" என்று சொல்லிவிட்டு, கேட்பதற்கு முன்பே கூண்டை விட்டு இறங்கினார். எங்கே தெருவுக்குள் தன் பெயர் நாறிவிடுமோ என்ற பயம். அவருடைய நன்னடத்தை அவ்வளவுதான் தாங்கும்.

சட்டம் கேட்கும் மூன்று சாட்சிகள் இல்லை என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பில் இந்தச் சட்டம் நியாயமா என்று ஒரு வார்த்தை இல்லை. பதினோரு வருஷம் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டது யார் என்று ஒரு வார்த்தை இல்லை. பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரர்களாக இருந்திருந்தால் இருவரும் உள்ளே போயிருப்பார்கள், அதே நீதிபதி அதே பேனாவால் கையெழுத்துப் போட்டிருப்பார். வெளியே வந்ததும் என் தங்கை சொன்னாள்: "நான் ஜெயிக்கலை அண்ணா. அவங்க முட்டாளா இருந்தாங்க, அவ்வளவுதான்."

ஊர் சிரித்தது. சாட்சிகள் மூவரும் கடைவீதிக்கு வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே நடந்தார்கள். சிரிப்பை மட்டும் சபையால் தாங்க முடியாது. அழுகை என்றால் வருஷக்கணக்கில் தாங்கிக்கொள்வார்கள்.

ஒரு நாள் காலையில் செயலாளர் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எடைமேடைக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் உட்காரச் சொல்வதற்கு முன்பே செயலாளர் உட்கார்ந்தார்.

"நல்ல சேதிம்மா. ஏழு வருஷம் புருஷன் தகவல் இல்லாம இருந்தா, அவர் வராமலே விவாகரத்து கொடுக்கலாம்னு மறைநூல்ல ஒரு வரி இருக்கு. பெரியவர் கண்டுபிடிச்சுட்டார்."

என் தங்கை கையில் இருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அந்த வரி நூல்ல எப்போலேர்ந்து இருக்கு சார்?"

"அது... ஆதியிலேர்ந்தே இருக்கு."

"நான் வருஷா வருஷம் வந்து நின்னப்போவும் இருந்துச்சா?"

"பழசை எதுக்கும்மா கிளறணும்? அடுத்த வாரம் சபை மண்டபத்துலயே உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம். பெரியவர் கையால. பத்திரிகைக்காரங்க வருவாங்க, ஒரு போட்டோ. எல்லாம் சுமுகமா முடிஞ்சிடும்."

அவள் கேட்டு நடந்து கால் தேய்ந்த விவாகரத்தை, அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துண்டாகக் கொண்டுவந்து நீட்டினார்கள். இதில் கருணை என்ற சொல்லை வேறு இரண்டு முறை சொன்னார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் பேச வேண்டியவள் அவள்.

"விவாகரத்தைக் கொடுங்க. அது எனக்குச் சேர வேண்டியது, வாங்கிக்கறேன்" என்றாள். "கல்யாணம் வேண்டாம்."

செயலாளர் எடைமேடைக்காரரைப் பார்த்தார். ஆண் என்று ஒருவர் இருக்கிறாரே என்ற நம்பிக்கை. "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார்."

"அவ சரியாத்தான் சொல்றா. எனக்கு லாரி வந்துடும், நான் வரேன்" என்று அவர் செருப்பை மாட்டினார்.

"ரெண்டும் சேர்த்துத்தாம்மா. கல்யாணம் இல்லைன்னா விவாகரத்தும் இல்லை" என்றார் செயலாளர்.

"அப்போ ரெண்டும் வேண்டாம். நேத்துவரைக்கும் இருந்த மாதிரியே இருந்துக்கறோம்."

செயலாளருக்கு வேர்த்துவிட்டது. "அது எப்படிம்மா? விவாகரத்து கொடுத்தாச்சுன்னு பெரியவர் நேத்தே கூட்டத்துல அறிவிச்சுட்டாரே!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கை தட்டல் வாங்க அவசரப்பட்ட மனிதர், பேரம் முடியும் முன்பே சரக்கைக் கொடுத்துவிட்டிருந்தார். இனி இல்லை என்று சொன்னால் ஊர் மறுபடியும் சிரிக்கும்.

"அறிவிச்சுட்டாரா? அப்போ தாளை அனுப்பி வைங்க" என்றாள் என் தங்கை.

அவர் எழுந்தார். கடைசியாக ஒரு மிரட்டல் போட்டுப் பார்த்தார். "கல்யாணம் இல்லாம ஒரே வீட்டுல இருந்தா சட்டம் சும்மா விடாதும்மா. மறுபடி கேஸ் வரும்."

"வரட்டும். மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க."

அவர் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். எதிரே மருந்துக்கடைக்காரர் சட்டென்று குனிந்து மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார். குமாஸ்தா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பால் வண்டிக்காரர், செருப்புத் தைக்கிறவர், பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிற பெண்கள் எல்லோரும் செயலாளரையே பார்த்தார்கள். இவர்களில் யாரைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவது? ஏறினால் முதல் கேள்வி என்னவென்று ஊருக்கே தெரியும். செயலாளர் குடையை விரித்துக்கொண்டு போனார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

விவாகரத்துத் தாள் வந்தது. சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வேறு தெருக்களில், வேறு பெண்களை அது சிறையில் போட்டிருக்கிறது. அங்கே சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள் என்று கேள்வி. என் தங்கைக்கு எப்போது கல்யாணம் என்று என்னிடம் இன்னும் கேட்கிறார்கள். அவளிடமே கேளுங்கள் என்கிறேன், யாரும் கேட்பதில்லை. அவளும் எடைமேடைக்காரரும் அதே இரண்டு அறையில் இருக்கிறார்கள்.